தலை குனிந்தால் விலை ஏறும்

2022 ஜனவரி மாதம். கர்நாடக மாநிலம் துமகூருவில் ஒரு வாகன ஷோரூம். சரக்கு ஏற்றும் பிக்கப் வண்டி வாங்குவதற்காக ஒரு விவசாயி தன் நண்பர்களோடு உள்ளே போகிறார். அவருடைய உடையைப் பார்த்த விற்பனையாளர், பத்து லட்சம் ரூபாய் வண்டியைக் கேட்கிறீர்களே, பையில் பத்து ரூபாயாவது இருக்கிறதா என்கிற தோரணையில் ஏளனம் செய்தார் என்பது புகார். வெளியே போன விவசாயி ஒரு மணி நேரத்துக்குள் பத்து லட்சம் ரூபாயோடு திரும்பி வந்தார். இப்போதே வண்டியைக் கொடுங்கள் என்று நின்றார். ஷோரூமால் கொடுக்க முடியவில்லை. விஷயம் காவல் நிலையம் வரை போனது. காணொளி நாடு முழுக்கப் பரவியது. வாகன நிறுவனத்தின் தலைவரே மனித கண்ணியம் பற்றிச் சமூக ஊடகத்தில் எழுதினார். ஷோரூம் மன்னிப்பு கேட்டது. சில நாள்களில் வண்டியும் விவசாயியின் கைக்கு வந்தது.

நாடே கைதட்டியது. நாமும் மகிழ்ந்தோம். ஆனால் கைதட்டல் ஓய்ந்த பிறகு ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. அந்த விவசாயியால் ஒரு மணி நேரத்தில் பத்து லட்சம் புரட்ட முடியாமல் போயிருந்தால்? அவர் தலையைக் குனிந்துகொண்டு வீடு திரும்பியிருப்பார். காணொளி இல்லை, மன்னிப்பு இல்லை, செய்தியும் இல்லை. கையில் ரொக்கம் இருந்தால்தான் மரியாதை என்றால் அதற்குப் பெயர் கண்ணியம் அல்ல, விலை. நம் தெருவிலிருந்து வண்டி வாங்கப் போகிறவர்களில் பெரும்பாலோர் ரொக்கத்தோடு போகிறவர்கள் அல்லர். கடன் ஒப்புதல் கடிதத்தோடும், அம்மாவின் தாலிக்கொடியை அடகு வைத்த முன்பணத்தோடும் போகிறவர்கள். இந்தக் கட்டுரை அவர்களைப் பற்றியது.

கதவுக்குள் போகும் மூன்று அடையாளங்கள்

துமகூருவில் சாதிப் புகார் எழவில்லை. அது உடையைப் பார்த்துச் செய்த ஏளனம். நம் ஆள் ஒருவர் மாவட்டத் தலைநகரின் புறவழிச்சாலையில் இருக்கும் ஷோரூமுக்குள் நுழையும்போது உடையோடு இன்னும் இரண்டு அடையாளங்கள் கூடவே போகின்றன.

ஒன்று, முகவரி. ஆதார் அட்டையை நீட்டியவுடன் ஊர்ப் பெயருக்கு முன்னால் ‘காலனி’ என்ற சொல் நிற்கிறது. அந்தச் சொல் வசைச்சொல்லாக மாறிவிட்டது என்பதால்தான் 2025 ஏப்ரலில் தமிழக முதலமைச்சர், அரசு ஆவணங்களிலிருந்து அது நீக்கப்படும் என்று சட்டமன்றத்தில் அறிவித்தார். அறிவிப்பு வரவேற்கத்தக்கது. ஆனால் வாகனக் கடன் கொடுக்கும் தொழிலில் ‘நெகட்டிவ் ஏரியா’ என்று இன்னொரு சொல் புழக்கத்தில் இருக்கிறது. கடன் வசூலாகாது என்று அவர்களாகவே குறித்து வைத்துக்கொண்ட பகுதிகள் அவை. ஒழுங்காகத் தவணை கட்டும் ஆளாக இருந்தாலும், குடியிருக்கும் தெருவை வைத்தே அவர் மதிப்பிடப்படுகிறார்.

இரண்டு, கடனின் பெயர். தாட்கோ மூலம் வாகனம் வாங்க வேண்டுமென்றால் முதலில் ஷோரூமில் கொட்டேஷன் வாங்க வேண்டும். எதற்கு என்று கேட்பார்கள். ‘தாட்கோ லோன்’ என்று சொன்ன நொடியில் சாதிச் சான்றிதழைக் காட்டியதற்குச் சமம். ஆதிதிராவிடர், பழங்குடியினர் தொழில் முன்னேற்றத்துக்காக தாட்கோ நடத்தும் திட்டத்தில் திட்டத் தொகையில் 35 சதவீதம் அல்லது 3.50 லட்சம் ரூபாய், இதில் எது குறைவோ அது மானியம். அதோடு 6 சதவீத வட்டி மானியமும் உண்டு. பெரிய தொழிலுக்கு 2023-இல் தொடங்கிய அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 1.5 கோடி ரூபாய் வரை 35 சதவீத மானியம். பணம் போடுவது வங்கியும் அரசும். அதாவது ஷோரூமுக்குக் காசு உறுதியாக வரக்கூடிய வியாபாரம் இது. அப்படியிருந்தும் ‘தாட்கோ கேஸா, சாங்ஷன் ஆனதும் வாங்க பார்க்கலாம்’ என்று நாற்காலி கூடப் போடாமல் அனுப்புவது நம் பிள்ளைகள் பலருக்கும் பழகிப்போன காட்சி. அடுத்து வருகிறவருக்குக் குளிர்ந்த மோர், டெஸ்ட் டிரைவ், சாவியோடு போட்டோ. நம் ஆளுக்கு விலைப்பட்டியல் அச்சடித்த ஒரு துண்டுத் தாள்.

வண்டிக்கும் சாதிக்கும் உள்ள பகை பழையது

வண்டியில் ஏறுவது என்பது நமக்கு ஒருபோதும் வெறும் பயணமாக இருந்ததில்லை. 1901-இல் சிறுவன் அம்பேத்கர், தந்தையைப் பார்க்கக் கோரேகானுக்குப் போக மசூர் ரயில் நிலையத்தில் இறங்கினார். தீண்டப்படாத பிள்ளைகள் என்று தெரிந்ததும் மாட்டுவண்டிக்காரர்கள் ஏற்ற மறுத்தார்கள். கடைசியில் இரட்டை வாடகை பேசி, வண்டியைப் பிள்ளைகளே ஓட்ட வேண்டும், வண்டிக்காரர் கூடவே நடந்து வருவார் என்று ஏற்பாடானது. 1929-இல், உலகப் பல்கலைக்கழகங்களில் பட்டம் பெற்று வந்த அதே அம்பேத்கருக்குச் சாலிஸ்கானில் குதிரைவண்டி ஓட்ட யாரும் முன்வரவில்லை. வண்டி ஓட்டிப் பழகாத ஒருவர் ஓட்ட, வண்டி விபத்துக்குள்ளாகி அவர் தூக்கி எறியப்பட்டார். இவற்றை அவரே எழுதி வைத்திருக்கிறார்.

அந்த மாட்டுவண்டிக் கணக்கில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. வண்டிக்காரர் முற்றிலும் மறுக்கவில்லை. இரட்டை வாடகை வாங்கிக்கொண்டு, குறைந்த சேவையைக் கொடுத்தார். தீண்டாமை அன்று அவருக்கு லாபமாக முடிந்தது. இந்தக் கணக்கு இன்றும் வேறு உருவத்தில் நடக்கிறது.

வண்டி நம் கைக்கு வந்த பிறகும் பகை தீர்வதில்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 2015-இல் திருத்தப்பட்டு 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்தபோது, பட்டியல் சாதி, பழங்குடி மக்கள் பொது இடங்களில் சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டுவதைத் தடுப்பது குற்றம் என்று தனியாகவே எழுதிச் சேர்த்தார்கள். அதைச் சட்டத்தில் எழுத வேண்டிய நிலைமை இந்த நாட்டில் இருந்தது, இருக்கிறது. 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டம் மேலப்பிடாவூரில் கல்லூரி மாணவர் ஒருவரின் கைகள் வெட்டப்பட்டன. அவர் புல்லட் ஓட்டியதைப் பொறுக்காமல் செய்தார்கள் என்பது குடும்பத்தாரின் புகார். நம் வீட்டுப் பையன் வண்டி வாங்குவதை ஊர் எப்படிப் பார்க்கிறது என்பதை அறிந்துதான் அவன் ஷோரூம் படியை மிதிக்கிறான். அங்கேயும் ஒரு ஏளனப் பார்வை கிடைத்தால் அவன் வாய் தானாக மூடிக்கொள்கிறது.

வாய் மூடினால் நஷ்டம் எவ்வளவு?

ஷோரூமில் நடப்பதை நாம் பெரும்பாலும் மரியாதைக் குறைவு என்று மட்டுமே பேசுகிறோம். மனம் நொந்து வீட்டில் சொல்லி ஆறுகிறோம். அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. அவமானப்படுத்தப்பட்டவர் கணக்குக் கேட்க மாட்டார். ‘வண்டி கொடுத்தால் போதும்’ என்ற மனநிலைக்கு வந்துவிடுவார். காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவார். நஷ்டம் தொடங்குவது அங்கேதான்.

புது வண்டியின் விலையில் டீலருக்குக் கிடைக்கும் லாபம் பொதுவாகக் குறைவு. இன்சூரன்ஸ், ஃபைனான்ஸ் கமிஷன், ஆக்சஸரீஸ், கூடுதல் வாரண்டி ஆகியவற்றில்தான் நல்ல வரும்படி. இவை எல்லாமே வாடிக்கையாளர் கேள்வி கேட்டால் குறையக்கூடிய, கேட்காவிட்டால் ஏறக்கூடிய தொகைகள். இப்போது ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கடன் வட்டி: 8 லட்சம் ரூபாய் கடன், 5 ஆண்டு தவணை என்று வைத்துக்கொள்வோம். குறையும் நிலுவை மீது 10 சதவீத வட்டி என்றால் மாதத் தவணை ஏறத்தாழ 17,000 ரூபாய். அதே கடன் 13 சதவீதம் என்றால் 18,200 ரூபாய். மாதம் 1,200 ரூபாய்தானே என்று தோன்றும். 60 மாதத்துக்குக் கணக்குப் போட்டால் 72,000 ரூபாய். இன்னொரு தந்திரம் ‘ஃபிளாட் ரேட்’. ‘வெறும் 8 சதவீதம்தான் அண்ணே’ என்பார்கள். 8 லட்சத்துக்கு ஆண்டுக்கு 64,000 வீதம் 5 ஆண்டுக்கு 3.20 லட்சம் வட்டியை முழுக் கடன் மீதும் போட்டு 60 ஆகப் பிரித்தால் தவணை 18,667 ரூபாய் வரும். நாம் மாதாமாதம் அசலைத் திருப்பிக்கொண்டே இருந்தும் முழுத் தொகைக்கும் வட்டி கட்டுகிறோம். உண்மையான வட்டி இங்கே 14 சதவீதம். எட்டு என்று சொன்னது பதினான்காகும் வித்தை இதுதான்.

இதைத் தடுக்கவே 2024 அக்டோபர் 1 முதல், சில்லறைக் கடன்களுக்கும் சிறுதொழில் கடன்களுக்கும் ‘முக்கிய விவரத் தாள்’ ஒன்றை முன்கூட்டியே தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி கட்டாயமாக்கியிருக்கிறது. எல்லாச் செலவும் சேர்த்து ஆண்டுக்கு எத்தனை சதவீதம் என்று அதில் இருக்க வேண்டும். கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் அது இருக்க வேண்டும். தமிழில் கேட்பது நம் உரிமை.

இன்சூரன்ஸ்: சொந்த உபயோகத்துக்கான புது காருக்கு மூன்றாண்டு மூன்றாம் நபர் காப்பீடு 2018 செப்டம்பர் முதல் கட்டாயம். ஆனால் அதை ஷோரூம் சொல்லும் கம்பெனியில்தான் எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வெளியே விலை விசாரித்துவிட்டுப் போனாலே அங்கே தொகை இறங்கும்.

வரி: தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் புது காருக்கு ஆயுள் வரி, 5 லட்சம் வரை 12 சதவீதம், 5 முதல் 10 லட்சம் வரை 13 சதவீதம், 10 முதல் 20 லட்சம் வரை 18 சதவீதம், அதற்கு மேல் 20 சதவீதம். இது அரசுக்குப் போவது, ரசீது உண்டு. ‘ஹேண்ட்லிங் சார்ஜ்’, ‘லாஜிஸ்டிக்ஸ்’ என்றெல்லாம் பில்லில் வருபவை அரசு வசூலிக்கும் எந்த வரியிலும் கட்டணத்திலும் இல்லாதவை. எதற்கு இது என்று ஒரு கேள்வி கேட்டால் பல இடங்களில் நீங்கிவிடும். 10 லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிக்கு 1 சதவீதம் வருமான வரிக் கணக்கில் பிடிப்பார்கள். வருமான வரி கட்ட வேண்டிய அளவுக்கு வருமானம் இல்லாதவர் கணக்குத் தாக்கல் செய்து அதைத் திரும்பப் பெறலாம். இதை யாரும் நமக்குச் சொல்வதில்லை.

பழைய வண்டி: ஷோரூமில் நீண்ட நாள் நின்ற வண்டி, டெஸ்ட் டிரைவுக்கு ஓடிய வண்டி ஆகியவற்றைப் புதுசு என்று தள்ளிவிடுவதும் நடக்கிறது. கோவாவில் 2011 மாடல் என்று பணம் கட்டியவருக்கு 2009 மாடல், அதுவும் ஓடிய வண்டி கொடுக்கப்பட்ட வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2021 பிப்ரவரியில் வந்த தீர்ப்பில், டீலர் செய்த தவறு தெரியாத நிலையில் தயாரிப்பு நிறுவனத்தைத் தானாகப் பொறுப்பாக்க முடியாது என்று நீதிமன்றம் சொன்னது. நமக்கு இதில் பாடம் உண்டு. புகார் கொடுக்கும்போது பெரிய கம்பெனியின் பெயரை மட்டும் போட்டால் போதாது. பில் கொடுத்த டீலரை முதல் எதிர்தரப்பாகச் சேர்க்க வேண்டும். வண்டியை எடுக்கும் முன் சேசிஸ் எண்ணில் குறிக்கப்பட்டிருக்கும் தயாரிப்பு ஆண்டு, மாதத்தை விளக்கச் சொல்லி, மீட்டர் எத்தனை கிலோமீட்டர் காட்டுகிறது என்று போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டும்.

இவை எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால், நாற்காலி போடாத அந்த ஐந்து நிமிட அலட்சியத்தின் விலை ஒரு லட்சத்தைத் தாண்டும். தாட்கோ கொடுத்த மானியத்தில் கணிசமான பங்கு இப்படியே ஷோரூம் மேசையில் கரைந்துபோகிறது. இதை ஒழுக்கக் குறைவாக மட்டும் பார்த்தால் நாம் பாதியைத்தான் பார்க்கிறோம். இது பொருளாதாரச் சுரண்டல்.

‘எல்லா ஏழைக்கும் இதே கதிதானே?’

இப்படிக் கேட்பவர்கள் உண்டு. கேள்வியில் நியாயமும் உண்டு. வேட்டி கட்டிய விவசாயி, நூறு நாள் வேலைக்குப் போகும் அம்மா, எந்தச் சாதியானாலும் கண்ணாடிக் கதவுக்குள் கூசித்தான் நிற்கிறார்கள். அந்த விற்பனையாளரும் கோடீஸ்வரர் அல்லர். மாத இலக்கு என்ற கத்தி தலைக்கு மேல் தொங்கும் இருபத்தைந்து வயதுப் பிள்ளை. அவர்களில் நம் வீட்டுப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ‘வாங்கக்கூடிய முகம்’ எது என்று எடைபோடத்தான் அவர்களுக்குப் பழக்கப்படுத்துகிறார்கள்.

ஆனால் ஒரு வேறுபாட்டை மறைக்க முடியாது. மற்ற ஏழை, பணம் வந்ததும் அந்த அடையாளத்தைக் கழற்றிப் போடலாம். துமகூருவில் அதுதான் நடந்தது. நம் ஆள் நல்ல சட்டை போட்டுக்கொண்டு போனாலும் முகவரியும் கடன் பெயரும் அவரைக் காட்டிக்கொடுக்கின்றன. தவணை தவறுகிறவர்கள் எல்லாச் சாதியிலும் உண்டு. மற்றவர் தவறினால் அந்த ஆள் சரியில்லை என்பார்கள். நம்மவர் ஒருவர் தவறினால் அந்தத் தெருவுக்கே கடன் இல்லை என்பார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

அரசியலமைப்பின் 15-ஆவது பிரிவு, கடைகளில் நுழைவதற்குச் சாதி தடையாக இருக்கக் கூடாது என்கிறது. 1948 நவம்பர் 29 அன்று அரசியல் நிர்ணய சபையில் ‘கடை’ என்றால் என்ன என்ற கேள்வி வந்தது. தன் சேவையை நாடி வருகிற எவருக்கும் அதைக் கொடுக்க உரிமையாளர் தயாராக இருக்கும் இடமே கடை என்ற விரிந்த பொருளில் அம்பேத்கர் விளக்கம் தந்தார். கண்ணாடி போட்ட ஷோரூமும் அந்தக் கடைக்குள் அடக்கம்தான்.

1955-ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. மற்றவர்களுக்கு விற்கும் அதே இடத்தில், அதே நேரத்தில், அதே நிபந்தனைகளில் பொருளை விற்கத் தீண்டாமை காரணமாக மறுப்பது குற்றம். ‘அதே நிபந்தனைகளில்’ என்ற சொற்களைக் கவனியுங்கள். கதவைத் திறந்துவிட்டால் மட்டும் போதாது. விலையும் விதியும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதை எழுபது ஆண்டுகளுக்கு முன்பே சட்டம் யோசித்திருக்கிறது.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் கடைக்குள் நுழைவதைத் தடுப்பதும், பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில் இழிவுபடுத்தும் நோக்கத்தோடு அவமதிப்பதும், சாதிப் பெயர் சொல்லித் திட்டுவதும் குற்றங்கள். ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. விசாரிக்க வேண்டியவர் டி.எஸ்.பி. நிலையில் உள்ள அதிகாரி. புகாரை ஏற்க மறுத்தால் 14566 என்ற கட்டணமில்லா எண்ணையும், மாநில ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆணையத்தையும் அணுகலாம்.

இங்கே நாம் நிதானமாக இருக்க வேண்டும். அவமதிப்பு சாதியின் காரணமாக நடந்தது என்று காட்ட வேண்டும் என்பதை நீதிமன்றங்கள் அழுத்திச் சொல்கின்றன. நாற்காலி போடவில்லை, பேச்சில் மரியாதை இல்லை என்பதை மட்டும் வைத்து வன்கொடுமை வழக்குக்குப் போனால் அது நிற்காது. நிற்காத வழக்கு ஒன்று, அடுத்து வரும் உண்மையான வழக்கையும் பலவீனப்படுத்தும். சாதிப் பேச்சு நடந்தால், கூட இருந்தவர்கள் பெயர், நேரம், சொன்ன சொற்கள் எல்லாவற்றையும் அன்றைக்கே எழுதி வைத்துப் புகார் கொடுக்க வேண்டும். சாதிப் பேச்சு இல்லை, ஆனால் ஏமாற்றினார்கள் என்றால் அதற்குரிய இடம் நுகர்வோர் ஆணையம்.

நம்மவர்கள் அதிகம் பயன்படுத்தாத கதவு அதுதான். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கொடுத்த பணம் 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. 5 முதல் 10 லட்சம் வரை 200 ரூபாய். 10 முதல் 20 லட்சம் வரை 400 ரூபாய். ஷோரூம் எந்த ஊரில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். வக்கீல் கட்டாயம் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.

‘நீங்கள் சரக்கு வண்டி வாங்கினீர்கள், டாக்சி வாங்கினீர்கள், அது வணிகம், நுகர்வோர் வழக்கு செல்லாது’ என்று ஷோரூம் வக்கீல் சொல்வார். பயப்பட வேண்டாம். தன் பிழைப்புக்காக, சுயதொழிலுக்காக மட்டும் வாங்கிய பொருள் வணிக நோக்கத்தில் சேராது என்று சட்டமே விளக்கம் தந்திருக்கிறது. தாட்கோ கடனில் ஒரே ஒரு வண்டி வாங்கித் தானே ஓட்டிப் பிழைக்கும் நம் பிள்ளை முழு நுகர்வோர்தான்.

வழக்குக்கு முன்னால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யலாம். அதற்கும் முன்னால் ஷோரூமுக்கு ஸ்பீடு போஸ்டில் ஒரு கடிதம். வாயால் சொன்னது காற்றோடு போகும். தபால் ரசீது நிற்கும்.

செய்ய வேண்டியவை

அரசுக்கு முதலில். தாட்கோ மூலம் வாகனம் வாங்குகிறவர்களை ஒவ்வொருவராகத் தனியே ஷோரூமுக்கு அனுப்பி வைக்கிறோம். தனியே போகிறவர் தலை குனிகிறார். ஒரு மாவட்டத்தில் ஓராண்டில் ஒப்புதல் பெறும் பயனாளிகளைச் சேர்த்து, டீலர்களைத் தாட்கோவே அழைத்து, ஒரே விலைப்பட்டியலை வாங்கி அலுவலகத்தில் ஒட்டலாம். இன்சூரன்ஸ், ஆக்சஸரீஸ் எதுவும் கட்டாயம் இல்லை என்று அந்தப் பட்டியலிலேயே எழுதலாம். பயனாளிகளை மோசமாக நடத்தும், ஏமாற்றும் டீலரின் கொட்டேஷனை அடுத்த ஆண்டு ஏற்பதில்லை என்று முடிவெடுக்கலாம். இதற்குப் புதுச் சட்டம் எதுவும் வேண்டாம். நம் மானியத்தில் வியாபாரம் செய்கிறவர்களுக்கு நம் நிபந்தனையைச் சொல்வதுதான் இது.

வாகன நிறுவனங்களுக்கு அடுத்தது. கண்ணியம் பற்றித் தலைவர்கள் எழுதினால் போதாது. விலை, வட்டி, இன்சூரன்ஸ், கட்டாயம் அல்லாதவை என்று நான்கு பத்திகளாகப் பிரித்த விலைத்தாளைத் தமிழில் ஒவ்வொரு வாடிக்கையாளர் கையிலும் கொடுக்கட்டும். மரியாதையை அங்கிருந்து அளப்போம்.

நமக்கும் வேலை இருக்கிறது. கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளே, உங்கள் தெருவில் யார் வண்டி வாங்கப் போனாலும் கூடப் போங்கள். ஒருவர் பேசட்டும், ஒருவர் எழுதிக்கொள்ளட்டும். செல்போனில் தவணைக் கணக்குப் போடும் வசதி இருக்கிறது. அங்கேயே போட்டுக் காட்டுங்கள். முக்கிய விவரத் தாளைக் கேட்டு வாங்கி, வரி வரியாக அண்ணனுக்கும் அம்மாவுக்கும் படித்துச் சொல்லுங்கள். நிரப்பாத படிவத்தில் யாரையும் கையெழுத்துப் போட விடாதீர்கள். முன்பணத்தை ரொக்கமாகக் கொடுக்காமல் வங்கி வழியாகக் கொடுக்கச் சொல்லுங்கள். குறைந்தது இரண்டு ஷோரூம்களில் எழுத்தில் விலை வாங்காமல் எங்கும் அட்வான்ஸ் கட்ட வேண்டாம். கேட்டதற்குப் பதில் இல்லையென்றால் எழுந்து வந்துவிடுவதும் ஒரு பதில்தான். பக்கத்து ஊரில் இன்னொரு ஷோரூம் இருக்கிறது.

சங்கங்கள், இயக்கங்கள் வைத்திருப்போர் ஆண்டுக்கு ஒருமுறை அம்பேத்கர் பிறந்தநாளில் கொடி ஏற்றுகிறோம், புத்தகம் கொடுக்கிறோம். அதே பந்தலில் ஒரு மேசை போட்டு, நம் ஊரில் வாகனக் கடன் வாங்கியவர்களின் பில்லையும் தவணை அட்டையையும் கொண்டுவரச் சொல்லிப் பார்க்கலாம். எந்த ஷோரூம், எந்த ஃபைனான்ஸ் எவ்வளவு வாங்கியது என்பது ஒரே நாளில் ஊருக்கே தெரிந்துவிடும். தனி ஆளின் கூச்சம் அங்கே ஊரின் கணக்காக மாறும்.

ஒரு டிரைவராக இருபது ஆண்டு பிறர் வண்டி ஓட்டியவர், சொந்த வண்டியின் ஆர்.சி. புத்தகத்தில் தன் பெயரைப் பார்ப்பது சாதாரண விஷயம் அல்ல. கூலி வாங்கும் கை, வாடகை வாங்கும் கையாக மாறுவது அது. அந்த மாற்றத்தின் வாசலில் நிற்கும் ஒருவரைக் கூச வைத்துக் கூடுதலாகக் கறப்பதை நாம் இனி மரியாதைப் பிரச்சினையாக மட்டும் பேசிக்கொண்டிருக்க வேண்டாம். வாடிக்கையாளர் யாராக இருந்தாலும் அதே நாற்காலி, அதே விலைத்தாள், அதே வட்டி. சட்டம் 1955-லேயே எழுதிவைத்த அந்த ‘அதே நிபந்தனை’யைத்தான் கேட்கிறோம். கேட்டு வாங்குவோம், எழுத்தில் வாங்குவோம்.